கழுவாமல் விட்ட பம்பர்

அன்று காரில் மூன்று பேர் இருந்தோம். நான் ஓட்டினேன். தம்பி பக்கத்து இருக்கையில். அப்பா பின்னால், புதுக் காரின் விரிப்பு அழுக்காகிவிடும் என்று செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா வரவில்லை. கோழி அறுக்கிற பூசை என்றால் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். வளைவில் அந்த மலாய்ப் பெரியவரை மோதிவிட்டுப் போன லாரிக்காரனும் அங்கே இல்லை. அவன் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தம்பியின் வலது கை நன்றாக இருந்தது. மத்தியானத்துக்குள் அது போய்விட்டது. நான் எழுத உட்கார்ந்தது அந்தக் கையைப் பற்றித்தான். ஆனால் காரை விட்டுவிட்டு அந்தக் கையைச் சொல்ல முடியாது. கடைக்காரன் எனக்கு விற்ற கார் வேறு, நான் ஓட்டிய கார் வேறு. நடுவில் தம்பியின் கை இருந்தது.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா நான்காம் வகுப்பு. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். தம்பி மூன்றாம் படிவத்தோடு நின்றான். நிறுத்தினார்கள் என்பதே சரி. கூடப் படித்த ஒருவன் என் காலில் கிடந்த கிழிந்த சப்பாத்தைப் பற்றி ஏதோ சொல்ல, தம்பி அவன் தலையைப் பிடித்து மேசை விளிம்பில் இடித்து இரண்டு பல்லை உதிர்த்துவிட்டான். அன்று மாலை அப்பா ரோத்தான் பிரம்பை எடுத்தார். நான் அடுத்த அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் என் பென்சில் நின்றது. பிறகு ஓடியது. அந்த வருடம் கணக்கில் எனக்கு ஏ. என் சப்பாத்துக்காக அவன் அடித்தான், அதற்காக அடி வாங்கினான், படித்தது நான். எங்கள் வீட்டில் இதை யாரும் இப்படிச் சொன்னதில்லை. நானும் இப்போதுதான் எழுதுகிறேன்.

நாங்கள் புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்கள். அப்பா அங்கே எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டியவர், பிறகு டிராக்டர் ஓட்டியவர். தொழிலாளர் லயங்களை இடித்த பிறகு அம்பாங்கானில் ஒரு வரிசை வீட்டுக்கு வந்தோம். நான் இஞ்சினியர் படித்து ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். நான்காவது வருடம் கார் வாங்கினேன். சின்னக் காராக வாங்குவதாகத்தான் இருந்தது. தம்பி விடவில்லை.

“எல்லாப் பயலும் சின்னக் காடிதாண்ணே வாங்குறான். நீ படிச்சவன் லா. அப்பா பின்னால ஏறினா காலு முன்சீட்டுல இடிக்கக் கூடாது.”

அப்படி வந்ததுதான் அந்தப் பெரிய செடான். இரண்டரை லிட்டர் இஞ்சின். வெள்ளை. முதல் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது வால் பகுதி ஒன்றரை அடி கேட்டுக்கு வெளியே நின்றது. கேட்டை மூட முடியவில்லை. தம்பி அன்றே கிரைண்டரை எடுத்துவந்து கேட்டின் நடுவை அறுத்து, வெளியே பிதுங்கினாற்போல் இரும்பு வளைத்து ஒட்டவைத்தான். எங்கள் தெருவில் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி கேட் வைத்த வீடு எங்களுடையது ஒன்றுதான்.

ஓட்டிப் பார்த்ததைச் சொல்கிறேன். கதவை மூடினால் உலகம் வெளியே போய்விடும். அதுதான் முதலில் பிடித்தது. லயத்து வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் எங்கள் பாயில் கேட்கும். அங்கே வளர்ந்த எனக்கு அந்த நிசப்தம் கிறக்கமாக இருந்தது. நெடுஞ்சாலையில் நூற்று நாற்பதில் போனாலும் உள்ளே அப்பாவின் மூச்சு கேட்டது. திருப்புவதற்கு ஒரு விரல் போதும். கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங் கையில் மெல்ல அதிர்ந்து சொல்லும். நீண்ட நேரம் ஓட்டினால் திரையில் ஒரு காப்பிக் கோப்பை தோன்றி, ஓய்வெடுங்கள் என்று கேட்டுக்கொள்ளும். அவ்வளவு மரியாதையாக எங்கள் குடும்பத்தில் யாரிடமும் எவனும் பேசியதில்லை.

ஆனால் அதே கார் என்னைக் கெடுத்தது. வலது பாதையில் ஒரு சின்னக் கார் மெதுவாகப் போனால் அதன் முதுகில் போய் ஒட்டி விளக்கை அடிப்பேன். அவன் பதறி ஒதுங்குவான். ஒதுங்கும்போது கண்ணாடியில் தெரிகிற அவன் முகத்தைப் பார்ப்பேன். எனக்கு அது பிடித்திருந்தது. வாங்கிய இரண்டாவது வாரம், சிவப்பு விளக்கில், நான் நெருக்கி ஒதுக்கியதற்காக ஒரு மோட்டார் சைக்கிள்காரன் பக்கக் கண்ணாடியை உதைத்தான். தம்பி கதவைத் திறந்து இறங்கினான். கதவு தானாக மூடிக்கொண்டது. நான் உள்ளே குளிர்காற்றில் உட்கார்ந்து பார்த்தேன். தம்பி அவன் தலைக்கவசத்தைக் கழற்றி அதாலேயே அவனை அடித்தான். நான்கு தடவை. ஒரு சத்தம்கூட உள்ளே வரவில்லை. விளக்கு பச்சையானதும் தம்பி ஏறிக்கொண்டு மூச்சு வாங்கினான்.

“சைடு மிரர்ல பெரிய கீறல் இல்லண்ணே. பாலிஷ் போட்டா போயிரும்.”

நான் அவனைத் திட்டவில்லை. காரை எடுத்தேன்.

தம்பி அம்பாங்கானில் கார் அலங்காரக் கடையில் வேலை செய்தான். கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதில் சிரம்பான் வட்டாரத்தில் அவனைப் போல இன்னொருவன் இல்லை என்று அவன் முதலாளியே சொல்வார். ஃபிலிமைக் கண்ணாடிமேல் விரித்து, தண்ணீர் தெளித்து, பிளேடைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து ஓரம் வெட்டுவான். அளவுகோல் கிடையாது. பிளேடு ஃபிலிமை வெட்டும், கண்ணாடியைத் தொடாது. நடுவில் ஒரு மயிரிழை இருக்கிறதாம், அது தன் கட்டைவிரலுக்குத் தெரியுமாம். அந்தக் கட்டைவிரலை நம்பித்தான் அடுத்த மாதம் முதல் அம்பாங்கானில் ஒரு கடையின் பாதியை வாடகைக்கு எடுக்க முன்பணம் கொடுத்திருந்தான். கடைக்குப் பெயர்ப் பலகைகூட எழுதக் கொடுத்தாயிற்று.

எங்கள் கார் அவனுக்கு விளம்பரம். மூன்று வார விடுமுறை நாள்களையும் அதற்கே கொடுத்தான். முதலில் ஃபிலிம். உள்ளே யார் என்று தெரியாத அளவுக்கு. பிறகு பத்தொன்பது அங்குல ரிம். பிறகு ஸ்பிரிங்கை மாற்றி உடம்பை ஒன்றரை அங்குலம் கீழே இறக்கினான். கடைசியாக முன் பம்பருக்குக் கீழே தரையை நக்குவது போல ஒரு பிளாஸ்டிக் ஸ்கர்ட். காரின் முகமே மாறிவிட்டது. வாங்கும்போது கண்ணியமான ஓர் அதிகாரி மாதிரி இருந்தது. இப்போது கீழ்த்தாடையை நீட்டிக்கொண்டு யாரையோ அடிக்கப் போவது போல் நின்றது. சாலையில் நடப்பதைப் பதிவு செய்யும் முன்பக்கக் கேமராவையும் வாங்கி வைத்திருந்தேன். அதன் வயரை வெளியே தெரியாமல் கூரைக்குள் இழுக்க வேண்டும் என்று தம்பி பெட்டியைப் பிரிக்கவில்லை. அது காரின் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் அப்படியே கிடந்தது.

“அசிங்கமா வயரு தொங்கக்கூடாதுண்ணே. அடுத்த ஞாயிறு போடுறேன்.”

அந்த ஞாயிறுதான் அப்பா பூசைக்குக் குறித்தார். எங்கள் தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் லாரி வாங்கினாலும் சைக்கிள் வாங்கினாலும் முதலில் அங்கேயுள்ள முனியாண்டியிடம் கொண்டுபோவார்கள். லயம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, செம்பனைக்கு நடுவே தகரக் கூரையின் கீழ் சாமி மட்டும் இருக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், சாமிக்குச் சுருட்டு, கறுப்புச் சேவல் ஒன்று. அறுத்த ரத்தத்தை முன் பம்பரில் மூன்று கோடாக இழுப்பார்கள். அதை மூன்று நாள் கழுவக் கூடாது. சாலையில் ரத்தம் கேட்கிற எதுவாக இருந்தாலும் இந்த வண்டி ஏற்கெனவே கொடுத்துவிட்டது என்று தெரிந்துகொண்டு விலகிப் போகும் என்பது கணக்கு.

அம்மாவுக்கு இது பிடிக்காது. அவள் போகிற அம்பாங்கான் கோவிலில் பலியை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

“டவுன் கோயில்ல தேங்கா ஒடைச்சா சாமி ஏத்துக்காதா? படிச்ச புள்ளையோட காடில ரத்தத்தப் பூசணுமா?” என்றாள்.

“தேங்கா ஒடைச்சிட்டு லோரில அடிபட்டவன் எத்தன பேரு தெரியுமா ஒனக்கு?” என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்தார். “பெரியவனே, நீ சொல்லு.”

நான் அப்பா பக்கம் சொன்னேன். நம்பிக்கையால் அல்ல. அவர் முப்பது வருடம் இன்னொருவருடைய டிராக்டரை ஓட்டியவர். மகனுடைய காருக்கு முன்னால் அவர் நின்று ஒரு சேவல் அறுப்பதை நான் பார்க்க விரும்பினேன்.

அப்பா பராங் கத்தியால் ஒரே வெட்டு. தலை ஒரு பக்கம் விழுந்தது. உடம்பு அவர் கையிலிருந்து திமிறிக் காரின் முன்பக்கம் ஓடியது. தலையில்லாத சேவல் ஸ்கர்ட்டில் முட்டி முட்டி, இறக்கையை அடித்து, வெள்ளைப் பம்பர் முழுவதும் ரத்தம் தெளித்தது. இழுக்கப்பட வேண்டிய மூன்று கோடு அங்கே இல்லை. கிரில்லில், விளக்கில், எண் பலகையில் எல்லாம் ரத்தம். மெல்லிய கறுப்பு இறகுகள் அதில் ஒட்டிக்கொண்டன.

“ஐயா நல்லாவே வாங்கிக்கிட்டாரு!” என்று பூசாரி சிரித்தார்.

“அப்பா, பெயின்ட்டுக்கு ஆகாது. அரிச்சிரும். கொஞ்சம் தண்ணி ஊத்துறேன்,” என்றான் தம்பி.

“சின்னவனே, மூணு நாளு. கைய வெச்சே, ஒன் கைய ஒடைப்பேன்.”

அது கோபத்தில் சொன்னதல்ல. அப்பா எப்போதும் அப்படித்தான் பேசுவார். தம்பி என்னைப் பார்த்தான். எனக்கும் கழுவ வேண்டும் என்றுதான் இருந்தது. சரி, இருக்கட்டும் என்றேன்.

திரும்பும்போது தோட்டத்துச் செம்மண் பாதையில், மழைநீர் போக வெட்டிய குறுக்குவாய்க்காலில் ஸ்கர்ட்டின் இடது மூலை குத்தி உடைந்தது. அந்தச் சத்தத்துக்குத் தம்பி தன் பல்லில் அடிபட்டது போல முகத்தைச் சுளித்தான். இறங்கி, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டினான். எழுந்து காலால் மண்ணை ஒரு உதை உதைத்தான். பெரிய சாலைக்கு வந்தோம். மணி பதினொன்று இருக்கும்.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். வளைவைத் திரும்பியதும் அவர் சாலையில் கிடந்தார். வயதான மலாய்க்காரர். அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் ஓரத்து இரும்புத் தடுப்பில் மடிந்து கிடந்தது. கூடையிலிருந்த மரவள்ளிக் கிழங்கு சாலை முழுவதும். தூரத்தில் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லாரியின் பின்பக்கம் தெரிந்து மறைந்தது. அது நிற்கவில்லை.

நான் பிரேக்கை மிதித்தேன். எங்கள் கார் அவருக்கு மூன்றடி முன்னால், மூக்கை அவர் பக்கம் நீட்டி நின்றது. அந்த இடத்தில் நிறுத்தியதும் என் தப்பு. தம்பி ஓடினான். சண்டைக்கு ஓடுகிற அதே வேகம். சாலையில் மண்டியிட்டு அவர் தலையை இரண்டு கையாலும் தாங்கினான். வரும் வண்டிகளுக்கு எச்சரிக்கையாக அப்பா செம்பனை மட்டை ஒன்றை இழுத்துவந்து வளைவில் போட்டார். நான் அவசர எண்ணை அழைத்தேன். எதிர்முனையில் ஒரு பெண் நிதானமான மலாயில் கேட்டாள். மூச்சு இருக்கிறதா? இருக்கிறது. கழுத்தை அசைக்கக் கூடாது. யாராவது தலையைப் பிடித்திருக்கிறார்களா? பிடித்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வரும்வரை விட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

“தம்பி, விடாத. அசைஞ்சா கழுத்து போயிரும்.”

“விடலண்ணே.”

பெரியவரின் உதடு அசைந்தது. தம்பி காதைக் கொண்டுபோனான். என்ன சொன்னார் என்று அவனுக்கு விளங்கவில்லை.

முதலில் வந்தது இரண்டு மோட்டார் சைக்கிள். பிறகு ஒரு வேன். சாலையோரச் சாப்பாட்டுக் கடையிலிருந்து நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். மலாய்க்காரர்கள், தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசிகள், தமிழர்கள் எல்லாரும்தான். பெரியவரை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நீலச் சட்டை போட்ட ஒரு தமிழர், என் மாமா வயது இருக்கும், தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே வந்தவர் எங்கள் காரின் முன்னால் நின்றுவிட்டார். உடைந்த ஸ்கர்ட்டைப் பார்த்தார். குனிந்து பம்பரில் விரலை வைத்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார்.

“ரத்தம் காயவே இல்ல,” என்றார். பிறகு கத்தினார். “இவனுங்கதான் லா! மயிரு ஒட்டியிருக்குது பாரு!”

“ஐயோ, அது கோழி! முனியாண்டிக்கு அறுத்த கோழிங்க!” அப்பா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“கோழி இடிச்சா பம்பரு ஒடையும்? கெழவா, அடிச்சிப் போட்டுட்டு கதையா சொல்ற?”

அவர் அப்பாவின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். அப்பா கால்வாயில் விழுந்தார். யாரோ மலாயில், கண்ணாடியைப் பார், திருட்டுப்பயல்கள் மாதிரி கறுப்பு ஒட்டியிருக்கிறார்கள் என்றான். தம்பியின் வேலை ஒவ்வொன்றும் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. பேச நான் வாயைத் திறந்தேன். எனக்கு நல்ல மலாய் வரும், ஆங்கிலம் வரும். பல்கலைக்கழகத்தில் விவாதப் போட்டியில் பரிசு வாங்கியவன். முதல் அடி என் காதில் விழுந்தது. மூக்குக் கண்ணாடி போனது. அடுத்தது வயிற்றில். நான் காரின் பக்கவாட்டில் நெற்றி இடித்துச் சரிந்தேன். கையில் தொலைபேசி இன்னும் இருந்தது. அந்தப் பெண் அதிலிருந்து ஹலோ, ஹலோ என்றாள். முன்கண்ணாடியில் ஒரு கல் விழுந்தது. ஒருவன் தம்பி ஒட்டிய பின்கதவுக் கண்ணாடியை உதைத்தான். அது நொறுங்கியும் உதிரவில்லை. ஃபிலிம் பிடித்துக்கொண்டது.

தம்பி எழுந்திருக்கவில்லை. இதைத்தான் நான் இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு கீறலுக்காகத் தலைக்கவசத்தால் அடித்தவன். அவன் முதுகில் உதைத்தார்கள், கழுத்தில் குத்தினார்கள். அவன் முழங்காலில் இருந்தபடியே பெரியவரின் தலைக்குமேல் கவிழ்ந்துகொண்டான். கை இரண்டும் அவர் காதுகளின் இரண்டு பக்கமும் அப்படியே இருந்தன.

“கைய எடுடா அவர் மேலேர்ந்து! கொன்னுட்டுத் தொடுறியா?” நீலச் சட்டைக்காரர் எங்கள் காரின் திறந்த கதவுக்குள் குனிந்தார். ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலிருந்து ஸ்டீயரிங்குக்குப் போடும் பூட்டை எடுத்தார். ஒரு முழ நீள இரும்பு. மஞ்சள் நிறம். அதுவும் தம்பி வாங்கிக் கொடுத்ததுதான்.

தம்பி அதைப் பார்த்தான். பிறகு என்னைத் தேடிப் பார்த்தான்.

“அண்ணே, விடவா?”

நான் சொன்னேன், “விடாதடா.”

இரும்பு அவன் வலது கையில் மூன்று தடவை இறங்கியது. முதல் அடிக்குக் கத்தினான். இரண்டாவதுக்குக் கத்தவில்லை. மூன்றாவது அடியில் கட்டைவிரல் போகக்கூடாத பக்கம் போனது. அப்போதும் தலை அசையவில்லை. இடது கையும் மார்பும் வைத்துத் தாங்கிக்கொண்டான்.

கூட்டத்தில் தலைமுக்காடு போட்ட ஓர் அம்மாள் பெரியவரின் முகத்தருகே குனிந்திருந்தாள். அவளுக்குத்தான் முதலில் கேட்டது. எழுந்து கையை விரித்துக்கொண்டு எல்லாருக்கும் நடுவில் நின்றாள்.

“புக்கான் டியா!” என்று அலறினாள். இவன் இல்லை. “புக்கான் டியா! லோரி! லோரினு சொல்றாரு பாக்சிக்!” பெரியவரைத்தான் பாக்சிக் என்றாள். அவசரத்தில் பாதியைத் தமிழிலேயே சொன்னாள். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவளாக இருக்க வேண்டும்.

எல்லாம் நின்றது. மழை நின்றது போல உடனே நின்றது. அடித்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். நீலச் சட்டைக்காரர் இரும்பைக் கீழே போட்டார். அது சாலையில் உருண்டு கிழங்குக்கு நடுவில் போய் நின்றது.

ஆம்புலன்ஸ் பெரியவரையும் தம்பியையும் சேர்த்து ஏற்றிக்கொண்டது. அப்பாவும் ஏறினார். நான் உடைந்த கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டு பின்னால் ஓட்டினேன். நெற்றியிலிருந்து வழிந்தது கண்ணுக்குள் போனது. கோட்டைத் தாண்டும்போதெல்லாம் ஸ்டீயரிங் கையில் அதிர்ந்தது. சிரம்பான் நெருங்கும்போது திரையில் காப்பிக் கோப்பை தோன்றியது. ஓய்வெடுங்கள். நான் கையை மடக்கித் திரையைக் குத்தினேன். விரிசல் விழுந்த பிறகும் கோப்பை எரிந்துகொண்டிருந்தது.

புறங்கையில் மூன்று எலும்பு, கட்டைவிரலின் இரண்டு நரம்பு. பிளேட் வைத்து ஸ்குரு போட வேண்டும், அதை நாங்களே வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பெரியவர் பிழைத்தார். கழுத்து எலும்பில் விரிசல் இருந்ததாம். யாரோ அசையாமல் பிடித்திருந்ததால் தப்பித்தார் என்று டாக்டர் சொன்னார். அதைத் தம்பியிடம் நான் போய்ச் சொன்னேன். அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: “இது எப்ப மடங்கும்னு கேட்டியாண்ணே?”

மறுநாள் விடிந்ததும் அப்பா குழாயைத் திறந்து பம்பரைக் கழுவ ஆரம்பித்தார். பிரஷ் வைத்துத் தேய்த்தார். காய்ந்த ரத்தம் லேசில் போகவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று எழுந்து பின்கட்டுக்குப் போய் சங்கோலை எடுத்துவந்தார். அந்த மண்வெட்டியால் பம்பரை ஓங்கி அடித்தார். ஸ்கர்ட் தெறித்தது. விளக்கு உடைந்தது. ஒவ்வோர் அடிக்கும் செம்பனைக் குலை வெட்டுகிறவர் விடுகிற அதே மூச்சை விட்டார். நான் பிடிக்க ஓடினேன். அம்மா வாசலில் நின்று என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“விடு,” என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, “அந்தப் பக்கத்தையும் அடிங்க,” என்றாள். கோழியைப் பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான்.

தம்பி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நீலச் சட்டைக்காரர் தன் மனைவியுடன் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் கேட்டருகே நின்றார். போலீசில் எல்லாம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர்.

“எங்க கோயில்ல பலி நிப்பாட்டி வருசக்கணக்கா ஆச்சுண்ணே. அப்பாரு காலத்துல நானும் பூசினவன்தான். கோழின்னு எனக்குத் தோணவே இல்ல. பாக்சிக் எங்க வீட்டுக்கு மரவள்ளி குடுக்கிறவரு...”

அப்பா அறைந்தார். அவர் அசையவில்லை. மறுபடியும் அறைந்தார். பையிலிருந்து பழம் உருண்டு சாக்கடைக்குப் போனது. அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“அப்பா, நகருங்க,” என்றான் தம்பி. கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கும் கையோடு எழுந்து வந்தான். “என்னோடது ஒண்ணு பாக்கி இருக்கு.”

இடது கையை ஓங்கி அவர் முகத்தில் குத்தினான். குத்து தாடையில் வழுக்கித் தோளில் போய் விழுந்தது. ஒரு குழந்தை தள்ளியது போல இருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கூடக் கொள்ளவில்லை.

“இன்னொண்ணு போடு தம்பி,” என்றார் அவர். கண்ணில் நீர் நின்றது.

தம்பி தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ச்சை,” என்றான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவர் மேல் கொடுத்த புகாரை நாங்கள் திரும்பப் பெறவில்லை. வழக்கு இன்னும் தள்ளித் தள்ளிப் போகிறது. ஒவ்வொரு தடவையும் அவர் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பார். எங்களைக் கண்டால் எழுந்து நிற்பார்.

காப்புறுதி நிறுவனத்தில் கூட்டம் சேர்ந்து உடைத்ததற்கு என் பத்திரத்தில் இடமில்லை என்றார்கள். அதற்குத் தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டுமாம். பதினெட்டுப் பக்கம் படித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். அப்பா உடைத்ததைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்துக் கட்டெல்லாம் பிரித்த பிறகு, தம்பி பழைய கதவுக் கண்ணாடி ஒன்றைப் பின்கட்டில் சாய்த்து வைத்து ஃபிலிம் ஒட்டிப் பார்த்தான். நான் குசினியில் அடுப்பருகே நின்று சன்னல் வழியாகப் பார்த்தேன். பிளேடைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் சொருகினான். கட்டைவிரல் பக்கத்தில் மரக்குச்சி மாதிரி நின்றது. ஒரு சாண் தூரம் சரியாக வெட்டினான். பிறகு பிளேடு கீச்சென்று கண்ணாடியில் இறங்கியது. துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். மறுபடி கீச். ஏழு தடவை எண்ணினேன். எட்டாவது தடவை கண்ணாடியைத் தூக்கிச் சுவரில் அடித்தான்.

நான் வெளியே போனேன். உடைந்த சில்லுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

“நான் விடுன்னு சொல்லியிருக்கணும்,” என்றேன்.

“சொல்லியிருந்தா விட்டிருப்பேன்,” என்றான். “அந்தக் காடிய வித்துருண்ணே. காலையில அது ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டா கை வலிக்குது.”

“சரி.”

“கடைக்காரனுக்கும் சொல்லிரு. அந்தப் பாதிக் கடைய வேற ஆளுக்குக் குடுக்கட்டும். பலகைய நான் போயி எடுத்துக்கிறேன்.”

பழுது பார்த்து, ஸ்கர்ட் இல்லாமல், ஸ்பிரிங்கைப் பழையபடி உயர்த்தி, கறுப்பு ஃபிலிமை உரித்துத்தான் விற்றேன். உரிக்க வேறு கடைக்குக் கொண்டுபோனேன். விற்ற காசு வங்கிக் கடனை அடைக்கப் போதவில்லை. மிச்சக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். தம்பி இப்போது ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போகிறான். கேட்டைத் திறக்கவும் மூடவும் இடது கை போதும் என்கிறான்.

போன வாரம் சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“பெரியவனே, மொத்தம் எவ்வளவு போச்சு?”

அம்மா குழம்புக் கரண்டியோடு நின்றாள். தம்பி இடது கையால் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. கார் விற்றதில் விழுந்த துண்டு, பழுதுக் கூலி, பிளேட், ஸ்குரு, திரும்பி வராத கடை முன்பணம் எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னேன்.

நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரிங்கிட்.